பள்ளிக் கணினியில் சொந்தக் கணக்கு – ஓர் உரிமையின் வரலாறு



ஆசிரியர் அறையில் இருக்கும் பள்ளிக் கணினியில் தம் சொந்த மின்னஞ்சலை ஒருமுறையேனும் திறக்காத ஆசிரியர் இருப்பாரா என்பது ஐயமே. வீட்டில் இரவு தயாரித்த பயிற்சித்தாளை எடுத்து அச்சிட வேண்டியிருக்கும். வங்கியிலிருந்து வந்த மடலைப் பார்க்க வேண்டியிருக்கும். பாடமில்லாத வேளையில் புலனத்தைக் கணினித் திரையில் விரித்து, பெற்றோர் ஒருவருக்கு நீண்ட பதில் எழுத வேண்டியிருக்கும். கணினி பள்ளியுடையது. இணையக் கட்டணமும் பள்ளியுடையது. மடல் மட்டும் நம்முடையது.

இவை அனைத்தும் ஒரே திரையில் சந்திக்கும்போது, அம்மடலை மேலதிகாரி படிக்கலாமா? படித்தபின் அதை வைத்து நம்மைத் தண்டிக்கலாமா? இக்கேள்விக்கு விடை காண உலகின் பல நீதிமன்றங்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக முயன்று வந்துள்ளன. அவ்வழக்குகளுள் மிக முக்கியமான மூன்று, கல்விக்கூடங்களில் பிறந்தவை. ஒன்று, இரண்டாம் வகுப்புக்குக் கற்பித்த இரண்டு ஆசிரியர்களைப் பற்றியது. ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கணினிக்கு முன்பே தொடங்கிய கதை

அந்தரங்கம் ஒரு சட்ட உரிமை என்னும் எண்ணம் மிகப் பழமையானதன்று. 1890ஆம் ஆண்டில் சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்னும் இரு அமெரிக்க வழக்கறிஞர்கள் ஹார்வர்டு சட்ட இதழில் எழுதிய கட்டுரையே இதற்கு அடித்தளம் இட்டது என்பர். கையில் எடுத்துச் செல்லக்கூடிய நிழற்படக் கருவியும் வம்பு பேசும் செய்தித்தாள்களும் அப்போது பெருகியிருந்தன. புதிய கருவி ஒன்று வந்து, பழைய வேலிகள் பயனற்றுப் போகும்போதுதான் இவ்வுரிமையைப் பற்றிய பேச்சும் எழுகிறது. இவ்வரலாறு முழுவதிலும் இதே போக்கைக் காணலாம்.

ஆயினும் அவ்விருவரும் மனத்திற் கொண்டது பத்திரிகைகளையே, முதலாளிகளை அல்ல. தொழிலாளியின் வாழ்வுக்குள் முதலாளி எட்டிப் பார்ப்பது அக்காலத்தில் இயல்பாகவே கருதப்பட்டது. 1914இல் ஹென்றி ஃபோர்டு தம் மகிழுந்துத் தொழிற்சாலையில் நாள் ஒன்றுக்கு ஐந்து டாலர் ஊதியம் என்று அறிவித்தார். அதை முழுமையாகப் பெற ஒரு நிபந்தனை இருந்தது. தொழிலாளியின் வீட்டிற்கே ஆய்வாளர்கள் சென்று, வீடு தூய்மையாக இருக்கிறதா, மது அருந்தும் பழக்கம் உண்டா, பணம் சேமிக்கப்படுகிறதா என்றெல்லாம் விசாரித்தனர். ஊதியம் தருபவன் வாழ்வையும் பார்வையிடலாம் என்பதே அன்றைய நியாயம்.

நம் நாட்டவர்க்கு இது புதுக் கதையன்று. இரப்பர்த் தோட்டங்களில் லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். ஊரிலிருந்து வரும் கடிதங்களும் தோட்ட அலுவலகத்தின் முகவரிக்கே வந்தன. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. அவ்வாறு எழுந்த பள்ளிகளில் கற்பித்த நம் முன்னோடி ஆசிரியர்கள் தோட்டத்தின் ஊழியர்களாகவே இருந்தனர். வேலையும் வீடும் அஞ்சலும் ஒரே கையில் இருக்கும் வாழ்வு எத்தகையது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருப்பர்.

மேசை இழுப்பறையில் ஒரு கவிதை நூல்

பணியிடத்தில் ஊழியருக்கு அந்தரங்கம் உண்டா என்னும் கேள்வியை அமெரிக்க உச்சநீதிமன்றம் நேரடியாக ஆராய்ந்தது 1987இல்தான். கலிஃபோர்னியாவின் நாப்பா அரசு மருத்துவமனையில் பதினேழு ஆண்டுகள் பணியாற்றிய மனநல மருத்துவர் மக்னோ ஒர்டேகா. இளம் மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பு அவருடையது. 1981இல் அவர்மீது சில முறைகேட்டு ஐயங்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்று, ஓர் ஆப்பிள் கணினியை அவர் எவ்வழியில் பெற்றார் என்பது. அவர் விடுப்பில் அனுப்பப்பட்டிருந்த வேளையில் அதிகாரிகள் அவருடைய அறையில் நுழைந்து, மேசை இழுப்பறைகளையும் கோப்புப் பேழைகளையும் சோதித்தனர். அவர்கள் எடுத்துச் சென்றவற்றில் ஒரு காதலர் நாள் வாழ்த்தட்டை, ஒரு நிழற்படம், முன்னாள் பயிற்சி மருத்துவர் ஒருவர் அனுப்பிய ஒரு கவிதை நூல் ஆகியவையும் அடங்கும்.

மேசை மருத்துவமனையுடையது என்பதால் மட்டுமே அதற்குள் இருப்பவை அனைத்தும் மருத்துவமனையுடையவை ஆகிவிடா என்பதை நீதிமன்றம் ஏற்றது. தம் மேசையிலும் கோப்புகளிலும் ஓரளவு அந்தரங்கத்தை எதிர்பார்க்க அம்மருத்துவருக்கு உரிமை உண்டு என்றது. அதே வேளையில், அரசு நிறுவனம் தன் ஊழியரின் அறையைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் நீதிமன்ற ஆணை பெற வேண்டியதில்லை. சோதனை நியாயமானதாக இருந்தால் போதும் என்றும் கூறியது. நியாயமானது எது என்பதை அந்தந்தச் சூழலே முடிவு செய்யும். பின்னாளில் வந்த கணினி வழக்குகள் பலவும் இம்மேசை வழக்கின் நிழலிலேயே நடந்தன.

இரண்டு தொலைபேசிகள்

ஐரோப்பாவில் பாதை வேறாக அமைந்தது. அங்கே மனித உரிமை ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவு, ஒருவரின் தனி வாழ்வும் கடிதத் தொடர்பும் மதிக்கப்பட வேண்டும் என்கிறது. தனி வாழ்வு என்பது வீட்டு வாசலோடு முடிந்துவிடுவதில்லை. மனிதர்கள் பிறரோடு உறவுகளை வளர்த்துக்கொள்வது பெரும்பாலும் பணியிடத்தில்தான் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1992இலேயே ஜெர்மானிய வழக்கறிஞர் ஒருவரின் வழக்கில் கூறியிருந்தது.

அதன் முழுப்பொருள் 1997இல் விளங்கிற்று. இங்கிலாந்தின் மெர்சிசைடு காவல்துறையில் மிக உயர்ந்த பதவி வகித்த பெண் அதிகாரி அலிசன் ஹால்ஃபோர்டு. மேற்பதவிக்குப் பலமுறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. 1990இல், பெண் என்பதால் தாம் ஒதுக்கப்படுவதாக அவர் தொழில் தீர்ப்பாயத்தில் முறையிட்டார். அவருடைய அலுவலகத்தில் இரண்டு தொலைபேசிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று அவருடைய சொந்தப் பயன்பாட்டிற்கென்றே தரப்பட்டது. வழக்கில் தமக்கு எதிராகப் பயன்படுத்துவதற்காகத் தம் அழைப்புகள் ஒட்டுக் கேட்கப்பட்டன என்பது அவர் குற்றச்சாட்டு.

பிரிட்டன் அரசு என்ன வாதிட்டது தெரியுமா? தொலைபேசியை வழங்கியவர் முதலாளி. ஆதலால் ஊழியருக்கு முன்கூட்டித் தெரிவிக்காமலேயே அவர் அதைக் கண்காணிக்கலாம் என்றது. நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. கண்காணிக்கப்படும் என்ற எச்சரிக்கை எதுவும் அவருக்குத் தரப்படவில்லை. ஆகவே அவ்வழைப்புகள் அந்தரங்கமானவை என அவர் நம்பியது நியாயமே என்று 25 ஜூன் 1997இல் தீர்ப்பளித்து, 10,000 பவுன் இழப்பீடும் வழங்கியது.

இந்த வழக்கில் ஒன்றை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒட்டுக் கேட்கப்பட்ட பேச்சு வெறும் அரட்டையன்று. தம் மேலதிகாரிகளுக்கு எதிராகத் தாம் தொடுத்த வழக்கைப் பற்றி ஓர் ஊழியர் பேசிய பேச்சு அது. பணியிடத்தில் அந்தரங்கம் இல்லையேல், முறையிடும் உரிமையும் பெயரளவில்தான் இருக்கும்.

ஒரே ஆண்டுகளில் இரு வேறு தீர்ப்புகள்

மின்னஞ்சல் வந்தது. அமெரிக்காவில் பில்ஸ்பரி என்னும் நிறுவனம், தன் ஊழியர்களின் மின்னஞ்சல்கள் இரகசியமாகவே வைக்கப்படும், அவற்றைக் காட்டி எவரையும் பணிநீக்கம் செய்யமாட்டோம் என்று உறுதி கூறியிருந்தது. அவ்வுறுதியை நம்பிய மேலாளர் ஒருவர் தம் மேற்பார்வையாளருக்கு எழுதிய மடல்களைக் காரணம் காட்டியே அது அவரைப் பணிநீக்கம் செய்தது. 1996இல் பென்சில்வேனியாவில் இருந்த கூட்டரசு நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளுபடி செய்தது. நிறுவனத்தின் மின்னஞ்சல் அமைப்பில் தாமாக அனுப்பிய மடலுக்கு, என்ன உறுதி தரப்பட்டிருந்தாலும், அந்தரங்கத்தை எதிர்பார்க்க இயலாது என்றது.

ஐந்தாண்டுகள் கழித்து, 2 அக்டோபர் 2001இல், பிரான்சின் உயர் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிக்கான் நிறுவனத்தின் வழக்கில் நேர்மாறான முடிவுக்கு வந்தது. பணி நேரத்திலும் பணியிடத்திலும்கூட ஊழியருக்குத் தனி வாழ்வு உண்டு. கணினியைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று முதலாளி தடை விதித்திருந்தாலும், ஊழியரின் சொந்த மடல்களைத் திறந்து படிக்க அத்தடை உரிமை தராது என்றது. விதியை மீறிய ஊழியரைக் கண்டிக்கலாம். அவருடைய கடிதத்தைப் படிப்பது வேறு செயல். இவ்வேறுபாட்டை நாம் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

கல்லூரி அலுவலகத்தில் நடந்தது

மூன்று கல்விக்கூட வழக்குகளில் முதலாவது வேல்ஸ் நாட்டின் கார்மார்தன்ஷயர் கல்லூரியில் எழுந்தது. கல்லூரி முதல்வரின் நேர்முக உதவியாளராக இருந்த பெண்மணியின் தொலைபேசி அழைப்புகள், மின்னஞ்சல், இணையப் பயன்பாடு ஆகியவை துணைமுதல்வர் ஒருவரின் ஏற்பாட்டில் கண்காணிக்கப்பட்டன. அழைப்புகளின் உள்ளடக்கத்தைக் கேட்கவில்லையே, எண்ணையும் தேதியையும் நேரத்தையும்தானே குறித்தோம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். 3 ஏப்ரல் 2007இல் ஐரோப்பிய நீதிமன்றம் இவ்வாதத்தை நிராகரித்தது. யாரிடம், எப்போது, எவ்வளவு நேரம் என்னும் விவரங்களும் தொடர்பின் உறுப்புகளே. ஊழியருக்கு அறிவிக்காமல், சட்டத்தின் அடிப்படையும் இல்லாமல் அவற்றைத் திரட்டியது தவறு என்றது. 3,000 யூரோ இழப்பீடும் வழங்கியது. கல்லூரியில் அப்போது கண்காணிப்பு பற்றிய கொள்கை எதுவுமே எழுதப்பட்டிருக்கவில்லை. நம் பள்ளிகளை நினைத்துப் பார்க்கத் தூண்டும் செய்தி இது.

நாற்பத்தைந்து பக்க அச்சுப்படி

அதே 2007ஆம் ஆண்டு ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் வேறொரு கதை தொடங்கியது. பொக்டான் பர்புலெஸ்கு என்னும் விற்பனைப் பொறியாளர், வாடிக்கையாளர்களுக்குப் பதிலளிக்க யாஹூ மெசஞ்சரில் ஒரு கணக்குத் தொடங்குமாறு நிறுவனத்தால் பணிக்கப்பட்டிருந்தார். நிறுவனக் கணினியைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியும் இருந்தது. 2007 ஜூலை 5 முதல் 13 வரை அவர் உரையாடல்களை நிறுவனம் பதிவு செய்தது. பணிக்கு மட்டுமே பயன்படுத்தினேன் என்று அவர் எழுதிக் கொடுத்தார். உடனே 45 பக்க அச்சுப்படி ஒன்றை அவர்முன் வைத்தனர். தம் அண்ணன் தம்பி உறவிலும், தாம் மணக்கவிருந்த பெண்ணிடமும் அவர் பகிர்ந்துகொண்ட மிக அந்தரங்கமான செய்திகள் அதில் இருந்தன. அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து சென்ற சில சிறு செய்திகளும் அவற்றுள் அடக்கம். ஆகஸ்டு 1 அன்று பணிநீக்கம் செய்யப்பட்டார்.

ருமேனிய நீதிமன்றங்கள் அவரைக் கைவிட்டன. 2016 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வும், ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில், நிறுவனத்தின் பக்கமே நின்றது. அவர் மீண்டும் முறையிட்டார். 5 செப்டம்பர் 2017இல் பதினேழு நீதிபதிகள் கொண்ட பேரமர்வு, பதினொன்றுக்கு ஆறு என்ற கணக்கில் அம்முடிவை மாற்றியது. பணியிடத்தில் மனிதரின் தனி வாழ்வை முழுவதுமாக இல்லாமற் செய்ய எந்த விதிமுறையாலும் இயலாது என்பது தீர்ப்பின் சாரம்.

கண்காணிப்பு முறையானதா என்று அறிய அத்தீர்ப்பு சில கேள்விகளைத் தொகுத்துத் தந்தது. கண்காணிக்கப்படும் என்று ஊழியருக்கு முன்கூட்டியே தெளிவாக அறிவிக்கப்பட்டதா? எவ்வளவு காலம், எவ்வளவு ஆழமாகப் பார்க்கப்பட்டது? அதற்குத் தகுந்த காரணம் இருந்ததா? உள்ளடக்கத்தைப் படிக்காமலே நோக்கத்தை அடைய வேறு வழி இருந்ததா? கண்டறிந்ததைக் கொண்டு ஊழியருக்கு என்ன விளைவு ஏற்படுத்தப்பட்டது? ஊழியருக்குப் பாதுகாப்புகள் இருந்தனவா? ஐரோப்பாவில் மட்டுமே இத்தீர்ப்பு சட்டமாகச் செல்லும். எனினும் எந்தத் தலைமையாசிரியரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத் தகுந்த கேள்விகள் இவை.

கணினி மறப்பதில்லை

இடையில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் நடந்த வழக்கு, இதன் தொழில்நுட்பப் பக்கத்தைக் காட்டுகிறது. மரினா ஸ்டென்கார்ட் என்பவர் தாம் பணியாற்றிய பராமரிப்பு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுக்க எண்ணினார். நிறுவனம் தந்த மடிக்கணினியிலிருந்தே, கடவுச்சொல் இட்ட தம் சொந்த யாஹூ அஞ்சல் வழியாக வழக்கறிஞருக்கு எழுதினார். கடவுச்சொல்லை அக்கணினியில் அவர் சேமித்து வைக்கவில்லை. பணியை விட்டபோது கணினியைத் திருப்பித் தந்துவிட்டார்.

ஆனால் நாம் பார்க்கும் பல பக்கங்களின் படிகளை உலாவி தன்னகத்தே ஒரு மூலையில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை விரைவாகத் திறப்பதற்காக. நிறுவனம் அமர்த்திய வல்லுநர் அப்படிகளை மீட்டெடுத்தார். நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் படித்தனர். 30 மார்ச் 2010இல் நியூஜெர்சி உச்சநீதிமன்றம், அம்மடல்கள் அவருடைய அந்தரங்கமே என்று தீர்ப்பளித்தது. நிறுவனக் கணினியின் பயன்பாட்டைப் பற்றிப் பொதுவாக எழுதப்பட்ட ஒரு கொள்கை, சொந்தக் கணக்கில் வழக்கறிஞரோடு நடந்த கடிதத் தொடர்பை வெளிப்படையாக்கப் போதாது என்றது.

அவர் வென்றார், உண்மைதான். ஆயினும் மடல்கள் படிக்கப்பட்ட பிறகே அவ்வெற்றி கிட்டியது. சட்டம் தரும் காப்பு பின்னால் வருவது. கவனம் தரும் காப்பே முன்னால் நிற்பது.

வகுப்பறைக்குள் வந்த வழக்குகள்

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் எழுந்த இரண்டு வழக்குகள் ஆசிரியர்களையே பற்றியவை.

முதலாவதில், சட்பரி நகர உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் ஒருவருக்குப் பள்ளி வாரியம் மடிக்கணினி வழங்கியிருந்தது. பராமரிப்புப் பணியின்போது, மறைத்து வைக்கப்பட்ட கோப்புறை ஒன்றில் மாணவி ஒருவரின் தகாத படங்கள் இருப்பதைத் தொழில்நுட்பர் கண்டார். பள்ளி கணினியைக் கைப்பற்றிக் காவல்துறையிடம் ஒப்படைத்தது. காவல்துறை நீதிமன்ற ஆணை பெறாமலே சோதித்தது. 19 அக்டோபர் 2012இல் கனடா உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பை மூன்று படிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். பணிக் கணினியிலும் ஆசிரியருக்கு அந்தரங்கம் உண்டு. சொந்தக் கணினியில் இருப்பதைவிட அது குறைவானது. பிள்ளைகளின் பாதுகாப்பைக் காக்கும் கடமை பள்ளிக்கு இருப்பதால், பள்ளி செய்த சோதனை முறையானதே. காவல்துறையோ ஆணை பெற்றிருக்க வேண்டும். ஆயினும் சான்று மிக முக்கியமானது என்பதால் அதை விசாரணையிலிருந்து விலக்க வேண்டியதில்லை.

பெற்றோர்களின் மனத்தில் எழக்கூடிய அச்சத்துக்கு இதில் விடை இருக்கிறது. ஆசிரியருக்கு அந்தரங்கம் உண்டு என்பதற்கு, பிள்ளைகளுக்குத் தீங்கு செய்வோர் மறைந்துகொள்ள இடம் உண்டு என்பது பொருளன்று. தகுந்த காரணம் இருந்தால் பள்ளி பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். காரணமின்றிப் பார்ப்பதுதான் கேள்விக்குரியது.

இரண்டாவது வழக்கு அத்தகைய கொடிய செயல் எதையும் பற்றியதன்று. யோர்க் வட்டாரப் பள்ளி வாரியத்தைச் சேர்ந்த ஒரு தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியர் இருவர் பணியாற்றினர். சக ஆசிரியர் ஒருவருக்குத் தலைமையாசிரியர் தனிச்சலுகை காட்டுகிறார் என்பது அவர்கள் மனக்குறை. தொழிற்சங்கத்தை நாடினர், நடப்பவற்றைக் குறித்து வைக்குமாறு சங்கம் அறிவுறுத்தியது. அவ்வாறே, தங்கள் சொந்தக் கூகுள் கணக்கில், கடவுச்சொல் காப்புடன், இருவர் மட்டுமே பார்க்கக்கூடிய ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினர்.

அப்படி ஒரு குறிப்பேடு இருப்பது தலைமையாசிரியரின் செவிக்கு எட்டியது. வாரியத்தின் கணினிப் பிரிவு தேடியும் அது கிடைக்கவில்லை. ஒருநாள் பள்ளி முடிந்தபின், பாடப்பொருள்களைத் திருப்பி வைக்க அவர் அவ்வாசிரியர்களுள் ஒருவரின் வகுப்பறைக்குச் சென்றார். ஆசிரியர் அங்கில்லை, பள்ளி மடிக்கணினி திறந்திருந்தது. அதன் தொடுபலகையைத் தொட்டார். குறிப்பேடு திரையில் தோன்றியது. கண்ணில் பட்டதோடு அவர் நிற்கவில்லை. மேலும் கீழும் நகர்த்திப் படித்து, தம் கைப்பேசியால் திரையைப் படமெடுத்தார். அதன்பின் மடிக்கணினிகள் கைப்பற்றப்பட்டன. 2015 ஜனவரியில் இருவருக்கும் எழுத்துவழிக் கண்டனம் வழங்கப்பட்டது.

சங்கம் இதை நடுவர் மன்றத்திற்குக் கொண்டு சென்றது. 2018இல் நடுவர் வாரியத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். பணிக் கணினியில் திறந்து வைத்துவிட்டுச் சென்றதால் ஆசிரியரின் அந்தரங்க எதிர்பார்ப்புக் குறைந்துவிட்டது என்பது அவர் கருத்து. 2020இல் கோட்ட நீதிமன்றத்தின் பெரும்பான்மையும் அதை ஏற்றது. 2022இல் ஒண்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. 21 ஜூன் 2024இல் கனடா உச்சநீதிமன்றம், வாரியத்தின் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அரசுப் பள்ளி வாரியங்கள் அரசின் அங்கமே. ஆதலால் நியாயமற்ற சோதனையிலிருந்து குடிமக்களைக் காக்கும் உரிமைச் சாசனத்தின் 8ஆம் பிரிவு பள்ளிக்குள் இருக்கும் ஆசிரியர்களையும் காக்கிறது என்றது.

ஒரு கண்டனக் கடிதத்துக்காக ஏறத்தாழ பத்தாண்டு வழக்கா என்று சிலர் வியக்கலாம். அக்குறிப்பேடு என்ன என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பு நீங்கும். நிருவாகத்தின்மீது தமக்குள்ள குறையை, சங்கத்தின் அறிவுரைப்படி, இருவர் தமக்குள் எழுதி வைத்த எழுத்து அது. ஹால்ஃபோர்டின் தொலைபேசியில் ஒலித்த அதே பேச்சு, இங்கே எழுத்தாகியிருக்கிறது.

நம் நாடுகளில் நிலை என்ன?

மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 15 நவம்பர் 2013இல் நடைமுறைக்கு வந்தது, 2024இல் திருத்தப்பட்டது. ஆனால் அது வணிக நடவடிக்கைகள் தொடர்பான தரவுகளுக்கே உரியது. கூட்டரசும் மாநில அரசுகளும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. ஆகவே, அரசு ஊழியராகிய பள்ளி ஆசிரியர் தம் கல்வி நிருவாகத்துக்கு எதிராக இச்சட்டத்தை நாட இயலாது. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதன்மைப் பிரிவுகள் 2 ஜூலை 2014இல் நடைமுறைக்கு வந்தன; அதுவும் அரசுத்துறை அமைப்புகளை விலக்கியே வைத்துள்ளது.

அரசமைப்பின் நிலையில் ஒரு நம்பிக்கைக் கீற்று உண்டு. 2010இல் சிவராசா ராசையா தொடுத்த வழக்கில், அரசமைப்பின் 5ஆம் பிரிவு கூறும் தனிமனித சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் கூறியது. வழக்கறிஞர் மன்றத் தேர்தல் பற்றிய வழக்கு அது. கணினிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இருப்பினும் விதை ஊன்றப்பட்டிருக்கிறது. கனடா ஆசிரியர்களுக்குக் கிடைத்தது போன்ற காப்பு நமக்கு எழுத்தில் இல்லை என்பதை உணர்ந்து, அதற்கேற்ப நடந்துகொள்வதே அறிவுடைமை.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, கணக்குகளைப் பிரித்து வைப்போம். கல்வியமைச்சின் டெலிமா தளம் வழங்கும் கணக்கு பணிக்கானது. அத்தகைய நிறுவனக் கணக்குகளின் உள்ளடக்கத்தை நிருவகிப்போர் அணுக இயலும். சொந்தச் செய்திகளை அதில் எழுதுவது முறையுமன்று, பாதுகாப்புமன்று. அதுபோலவே, மாணவர்களின் மதிப்பெண்களையும் குடும்ப விவரங்களையும் நம் சொந்தக் கணக்கில் தேக்கி வைப்பதும் தவறே.

இரண்டாவது, பொதுக் கணினியில் சொந்தக் கணக்கைத் திறந்தால் வெளியேறும்போது முறையாக வெளியேறுவோம். சாளரத்தை மூடுவது வெளியேறுவதாகாது. கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்போம். புலனத்தின் கணினி இணைப்பைக் கைப்பேசியிலிருந்தே துண்டிக்கலாம். உலாவியின் மறைமுகச் சாளரம் அக்கணினியில் வரலாற்றைச் சேமிக்காது. ஆனால் பள்ளியின் இணைய வலையை நிருவகிப்பவர் நாம் சென்ற தளங்களை அறிவதை அது தடுக்காது.

மூன்றாவது, மருத்துவம், வழக்கு, தொழிற்சங்கம், பணி பற்றிய முறையீடு ஆகியவற்றைப் பள்ளிக் கணினியில் எழுதவே வேண்டாம். சொந்தக் கைப்பேசியும் சொந்த இணைய இணைப்பும் அதற்குப் போதும்.

நான்காவது, தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக் கணினிகளில் எது பார்க்கப்படும், யார் பார்ப்பார், எக்காரணத்துக்காக என்பதை ஒரு பக்கத்தில் எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டுங்கள். சக ஆசிரியரின் கணக்கு திறந்து கிடந்தால், படிக்காமல் மூடிவிட்டு அவரிடம் சொல்லுங்கள்.

இறுதியாக ஒன்று. நமக்கு மேலே ஒருவர் இருப்பதுபோல், நமக்குக் கீழே மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் குறிப்பேட்டையும் பையையும் கைப்பேசியையும் நாம் எவ்வளவு எளிதாகத் திறக்கிறோம்! முன்கூட்டிச் சொன்னோமா, தகுந்த காரணம் இருக்கிறதா, தேவைக்கு மேல் பார்க்கிறோமா என்னும் அதே கேள்விகளை அங்கேயும் கேட்டுக்கொள்வோம். பெற்றோர்களும் வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். தம் எழுத்தைப் பிறர் மதிப்பதைக் கண்டு வளரும் பிள்ளை, நாளை ஒரு மேசைக்கு உரியவராகும்போது, அடுத்தவர் மடலைத் திறக்குமுன் ஒரு கணம் தயங்கும்.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.